காசும் கட்டி, பாத்திரமும் கழுவணுமா? – சம்பளமில்லாதவர்கள் நடத்தும் சர்வதேச இளையோர் முகாம்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், ‘தலைமைப் பண்பு முகாம்’ விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வரிசைகட்டி வரும். மூன்று நாள், ஏசி ஹால், ஒரு புரொஜெக்டர், கோட் போட்ட பயிற்சியாளர், கடைசி நாளில் லேமினேட் செய்த சான்றிதழ். ‘உங்கள் பிள்ளை நாளைய தலைவர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பெற்றோரும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வரும் நாளைய தலைவர், சாப்பிட்ட தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போனில் உட்கார்ந்துவிடுகிறார்.

இதற்கு நேரெதிரான முகாம் ஒன்று உலகில் 70 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. மொத்தம் 28 நாள். பத்துப் பன்னிரண்டு நாடுகளிலிருந்து வரும் 11 வயதுக் குழந்தைகள் ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள். பாடம் நடத்த யாரும் வரமாட்டார்கள். தேர்வு கிடையாது, பரிசு கிடையாது. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். முறை வைத்துக் கழிவறையையும் சுத்தம் செய்ய வேண்டும். இதை முன்னின்று நடத்தும் பெரியவர்களுக்குச் சம்பளம் இல்லை. அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு வந்து வேலை பார்க்கிறார்கள்.

‘இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பணும்?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கு முன் அந்த முகாமுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பதினொரு வயது ஏன்?

சுருக்கமாக சிஐஎஸ்வி. விரித்தால், ‘சிறார்களுக்கான சர்வதேசக் கோடை கிராமங்கள்’. தொடங்கியவர் டோரிஸ் ட்விட்செல் ஆலன் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போர் முடிந்து, யுனெஸ்கோ உருவாகிக்கொண்டிருந்த 1946இல், பெரியவர்களுக்காக ஓர் உலகக் கல்வி நிறுவனம் தொடங்க வேண்டும் என்று அலெக்சாண்டர் மிக்கல்ஜான் என்ற கல்வியாளர் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. சமாதானத்துக்கான வேலையைப் பெரியவர்களிடம் தொடங்கினால் அது காலம் கடந்த காரியம் என்பது ஆலனின் எண்ணம். குழந்தைகளிடம் தொடங்க வேண்டும் என்றார். 1951இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் முதல் ‘கிராமம்’ கூடியது. போர் முடிந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கடல் கடந்து ஐரோப்பாவிலிருந்தும், பக்கத்து மெக்சிகோவிலிருந்தும் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள்.

பதினொரு வயதை ஆலன் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. அந்த வயதுக் குழந்தைக்குத் தன் ஊர், தன் மொழி, தன் சாப்பாடு எது என்று தெரியும். அம்மாவை விட்டு நான்கு வாரம் இருக்கவும் முடியும். ஆனால், ‘அவங்க அப்படித்தான்’ என்கிற முடிவுகள் இன்னும் இறுகியிருக்காது. இன்னும் இரண்டு வருடம் விட்டால் விடலைப் பருவத்தின் கூச்சமும் கூட்டு சேர்க்கையும் வந்துவிடும்.

இன்றைக்கும் அதே அமைப்புதான். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், கூடவே 21 வயதுக்கு மேற்பட்ட ஒரு தலைவர். இந்த ஐந்து பேர் ஓர் அணி. இவர்களுக்கும் உள்ளூர் முகாம் ஊழியர்களுக்கும் நடுவில், 16–17 வயதில் சில இளையோர் தனியாக வருவார்கள். ‘ஜூனியர் கவுன்சலர்’ என்று பெயர். குழந்தையும் இல்லை, பெரியவரும் இல்லை. இரண்டு பக்கமும் பேசக்கூடியவர்கள். முகாமின் உண்மையான அச்சாணி இவர்கள்தான் என்றுகூடச் சொல்லலாம்.

காலையிலும் மாலையிலும் கொடியைச் சுற்றி நின்று பாட்டு. ஒரு நாள் ஒரு நாட்டின் இரவு: அந்த அணி தன் ஊர்ச் சாப்பாட்டையும் ஆட்டத்தையும் விளையாட்டையும் மற்றவர்களுக்குக் காட்டும். நடுவில் ஒரு வார இறுதியில் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கல். மற்ற நேரமெல்லாம் விளையாட்டு. பொது மொழி ஆங்கிலம் என்று பெயர். வருகிற குழந்தைகளில் பலருக்கு அது தெரியாது. முதல் நான்கைந்து நாள் சைகையில் ஓடும். அழுகையும் இருக்கும், குறிப்பாக ராத்திரியில். அதனால்தான் படுக்கும் நேரத்தில் பெரியவர்கள் அறை அறையாகப் போய்த் தாலாட்டுப் பாடும் வழக்கம் வந்தது. பதினொரு வயதுக்குத் தாலாட்டா என்று சிரிக்கலாம். வீட்டை விட்டுப் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் பிள்ளைக்கு அது சிரிப்பாக இருக்காது.

விளையாட்டு என்றால் வெறும் விளையாட்டும் இல்லை. ஒரு சாயங்காலம் சாப்பாடு வேண்டுமென்றே சமமில்லாமல் பரிமாறப்படலாம். சிலருக்கு முழுத் தட்டு, பலருக்குக் கொஞ்சம் சோறு. கத்தல், கெஞ்சல், திருட்டு, பகிர்தல் எல்லாம் நடக்கும். பிறகு வட்டமாக உட்காரவைத்து, ‘என்ன நடந்தது? ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்பார்கள். செய்து பார், யோசி, பொதுவாக்கு, வாழ்க்கையில் பொருத்து என்று நான்கு படி. நம்மூர்ப் பள்ளிகளில் இந்த இரண்டாவது படிக்குத்தான் ‘டைம் இல்லை’.

யுத்த மண்ணில் முளைத்தது

இத்தகைய முகாம்களின் பூர்விகத்தைத் தோண்டினால் பெரும்பாலும் ஏதாவதொரு போர்க்களத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். பிரான்ஸில் வெர்டன் அருகே எஸ்ன் என்ற சிற்றூர் முதல் உலகப் போரில் தரைமட்டமானது. 1920இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் என்ற பொறியாளர் பல நாட்டுத் தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்க் குடிசை கட்டினார், குழிகளை மூடினார். அந்தக் கூட்டத்தில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். எந்த நாட்டுப் படை அந்த ஊரை இடித்ததோ, அந்த நாட்டு ஆட்கள்! அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. சில மாதங்களில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கணக்குப் பார்த்தால் தோல்விதான். ஆனால், இன்று உலகம் முழுக்க ‘ஒர்க் கேம்ப்’ என்று நடக்கும் சேவை முகாம்களுக்கு அந்த எஸ்ன் முகாம்தான் முன்னோடி. அதிலிருந்து வளர்ந்த அமைப்பின் பெயர் சர்வதேசக் குடிமைச் சேவை.

அதே செரசோல் இந்தியாவுக்கும் வந்தார். 1934 ஜனவரியில் பிஹாரைப் புரட்டிப்போட்ட பூகம்பத்துக்குப் பிறகு, ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணிகளோடு சேர்ந்து, முசாபர்பூர் பகுதியில் கிராமங்களை மறுபடி கட்டும் வேலையில் அவரும் சில ஐரோப்பியத் தோழர்களும் ஈடுபட்டார்கள். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகன் பிஹாரில் மண் சுமந்தார்.

ஏஎஃப்எஸ் என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பின் கதையும் இதுதான். முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் குழு அது. இரண்டாவது போரிலும் ஓட்டினார்கள். அதோடு போதும் என்று நினைத்தோ என்னவோ, 1947இல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பிக் குடும்பங்களோடு தங்கவைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் சிறு ஊர்களுக்குக்கூடப் பழக்கமானவை ரோட்டரியும் லயன்ஸும். ‘ரைலா’ என்று ரோட்டரி நடத்தும் இளையோர் தலைமைப் பயிற்சி 1959இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்கி, 1971இல் உலக அளவிலான திட்டமானது. நெஞ்சு முழுக்கப் பல நாட்டு ‘பின்’கள் குத்திய பிளேசர் போட்டுக்கொண்டு ரோட்டரி கூட்டத்தில் ஒரு வெளிநாட்டு மாணவர் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவர் அந்த ஊரில் இரண்டு மூன்று வீடுகளில் மாறி மாறித் தங்கிப் படிப்பவர். லயன்ஸ் அமைப்பும் 15 முதல் 22 வயது வரை உள்ளவர்களுக்குப் பல நாட்டு முகாம்களையும் குடும்பத் தங்கலையும் நடத்துகிறது. பெயர், வயது, நாள் கணக்கு எல்லாம் மாறும். உள்ளூரில் யாரோ ஒரு குடும்பம் கதவைத் திறந்து, யாரோ ஒருவர் காரை எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனால்தான் இவற்றில் எதுவுமே நடக்கும்.

பாத்திரம் கழுவுவதில் என்ன தத்துவம்?

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர், 11 வயதையொட்டிய 22 பையன்களை ஒரு கோடை முகாமுக்குக் கூட்டிப்போனார். இரண்டு குழு. போட்டிகள் வைத்தார். சில நாளில் கொடியை எரித்தார்கள், ஒருவர் அறையில் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள். சமாதானம் செய்ய இரண்டு குழுவையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார், படம் காட்டினார். சோற்றை அள்ளி அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகுதான் மாற்றம் வந்தது. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. எல்லாரும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியும். சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி நகர மறுத்தது. எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இப்படி நான்கைந்து முறை ஆன பிறகு, ஊருக்குத் திரும்பும்போது ஒரே பேருந்தில் போகிறோம் என்று பையன்களே கேட்டார்கள்.

ஒன்றாகச் சாப்பிட்டால் நட்பு வராது. ஒன்றாகச் சமைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் வரும். பல நாட்டுப் பிள்ளைகளை ஒரு ஹோட்டலில் போட்டு, கலாச்சார நிகழ்ச்சி நடத்தி, குரூப் போட்டோ எடுத்து அனுப்பினால் அது டூர். பல நாட்டுப் பிள்ளைகள் முறைபோட்டுக் கழிவறை கழுவினால் அது வேறு. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் அதே 1954இல் முன்னிந்தனைகள் பற்றிய தன் புத்தகத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: சமமான அந்தஸ்து, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிருப்பவர்களின் ஆதரவு. இவை இல்லாமல் வெறுமனே சந்தித்தால் வெறுப்பு கூடவும் செய்யலாம்.

ஷெரிஃபின் ஆய்வுக்குக் கண்டனங்களும் உண்டு. பையன்களுக்குத் தெரியாமல் அவர்களை வைத்துச் சோதனை நடத்தியது தவறுதானே. இன்னொரு விஷயம் அதிகம் பேருக்குத் தெரியாது. முந்தைய ஆண்டு, 1953இல், நியூயார்க் மாநிலத்தில் அவர் இதேபோல ஒரு முகாம் நடத்திப் பாதியில் கைவிட்டார். காரணம் வேடிக்கையானது. குழு பிரிப்பதற்கு முன்பே பையன்கள் பழகிவிட்டார்கள். எவ்வளவு மூட்டிவிட்டாலும் சண்டை போட மறுத்துவிட்டார்கள். ஆய்வாளருக்கு அது தோல்வி. டோரிஸ் ஆலனுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் யாராலும் தந்திருக்க முடியாது.

யார் தலைவர்?

‘லீடர்ஷிப்’ என்ற சொல் நம்மூரில் மைக் பிடிப்பது என்றாகிவிட்டது. மேடையில் தடங்கலில்லாமல் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசினால் தலைவர். தன்னார்வ முகாம்களில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் எழுந்து துடைப்பவர் தலைவர். அந்தக் குழந்தை பேசும் மொழி தெரியாது என்றாலும் அது வயிற்றுவலியா, வீட்டு ஞாபகமா என்று கண்டுபிடிக்க வேண்டும். 16 வயது ஜூனியர் கவுன்சலருக்கு இது வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

சிஐஎஸ்வியில் 17–18 வயதுக்காரர்களுக்கான மூன்று வார முகாம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே அணித் தலைவர்களே கிடையாது. எத்தனை மணிக்கு எழுவது, என்ன விவாதிப்பது, யார் சமையலறைக்குப் போவது என்று எல்லாவற்றையும் அவர்களே பேசித் தீர்மானிக்க வேண்டும். மணிக்கணக்கில் பேசியும் முடிவுக்கு வராத விஷயங்கள்கூட இருக்கும் என்றால் நம்ப வேண்டும். முப்பது பேரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பேச்சு நீளும். வீட்டில் பெற்றோர், பள்ளியில் ஆசிரியர் போட்ட அட்டவணையில் ஓடிய பிள்ளைக்கு இந்த மூன்று வாரமும் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலைத் தாங்கி, கத்தாமல், வெளிநடப்பு செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் பாடம். நம்முடைய சட்டமன்றங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பாடத்தின் மதிப்பு தெரியும்.

ஊர் திரும்பிய பிறகு?

இங்கேதான் பெரிய கேள்வி. முகாமில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வரும் பிள்ளை, ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்குமா?

இதற்கான கடினமான சோதனைக்களம் ‘சீட்ஸ் ஆஃப் பீஸ்’. பத்திரிகையாளர் ஜான் வாலக் 1993இல் தொடங்கியது. இஸ்ரேலிய, பாலஸ்தீன இளையோரை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்குக் கூட்டிவந்து ஏரிக்கரையில் மூன்று வாரம் ஒன்றாகத் தங்கவைக்கும் முகாம். முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் ஒன்றல்ல. நிதியும் ஊழியர்களும் உள்ள அமைப்பு. ஆனால், முகாம் நட்பு எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்க்க இதைவிடக் கறாரான இடம் இல்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ரைசன், ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் இந்த முகாமின் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்ந்தார்கள். 2014இல் வெளியான முடிவு: முகாம் முடியும்போது எதிர்த் தரப்பு மேல் நல்லெண்ணம் கூடுகிறது. ஊர் திரும்பிய பின் அதில் ஒரு பகுதி தேய்கிறது, முழுவதும் அழிவதில்லை. எதிர்த் தரப்பில் ஒரே ஒரு நெருங்கிய நண்பராவது கிடைத்தவர்களிடம் மாற்றம் அதிகம். ஒரே அறை, ஒரே சாப்பாட்டு மேஜை, ஒரே உரையாடல் குழு என்று ஒட்டவைக்கப்பட்டவர்களிடையே அந்த நட்பு உருவாகும் வாய்ப்பு பல மடங்கு என்பது பின்னர் வந்த ஆய்வு. ஆக, அறையில் யாரை யாரோடு படுக்கவைப்பது என்று முகாம் ஊழியர் போடும் பட்டியல், மேடைப் பேச்சைவிட முக்கியம்.

ஆனால், நட்பு குண்டைத் தடுக்காது. 2000 அக்டோபரில், இஸ்ரேலியக் குடியுரிமை பெற்ற பாலஸ்தீன இளைஞர் ஒருவர், வயது 17, போராட்டம் நடந்த இடத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் அணிந்திருந்தது அந்த முகாமின் பச்சை டி-ஷர்ட். அவருக்கு இஸ்ரேலிய யூத நண்பர்கள் பலர் இருந்தார்கள். நெருக்கமானவர்கள்தான்.

இதைச் சொன்னதும், ‘அப்போ இதெல்லாம் வேஸ்ட்’ என்று ஒரு தரப்பு சொல்லும். அது அவசர முடிவு. ஆக்கிரமிப்பையும் ஆயுதத்தையும் முடிவு செய்வது அரசுகள். பதினேழு வயதுப் பிள்ளைகளின் மூன்று வார முகாமிடம் அதைச் சரிசெய்யச் சொல்வது அநியாயம். அதே நேரத்தில், மெழுகுவத்தி ஏற்றிச் சமாதானப் பாட்டுப் பாடிவிட்டு, யார் நிலம் யாரிடம் இருக்கிறது என்ற பேச்சையே எடுக்காமல் அனுப்பும் முகாம்கள் பிள்ளைகளை ஏமாற்றுகின்றன. சண்டைக்கான காரணத்தைப் பேசவிட்டு, அதன் பிறகும் ஒரே அறையில் தூங்கவைப்பதுதான் கஷ்டமான வேலை. அதைச் செய்யாத முகாமுக்கு ‘அமைதி’ என்ற பெயர் எதற்கு?

பணம் எங்கிருந்து வருகிறது?

தன்னார்வம் என்றால் இலவசம் என்று பொருளில்லை. விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் பிள்ளையின் வீட்டுச் செலவு. ரோட்டரி பரிமாற்றத்தில் தங்கலும் சாப்பாடும் உள்ளூர்க் குடும்பங்களும் கிளப்பும் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக இங்கிருந்து அனுப்பும் ஊரும் அங்கிருந்து வரும் பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டும். சிஐஎஸ்வியிலும் கட்டணத்துக்கு மேல் முகாமைத் தாங்கிப்பிடிப்பது அதை நடத்தும் ஊர்க்காரர்களின் உழைப்பு. கூலி கொடுத்து இதே முகாமை நடத்தினால் கட்டணம் எங்கேயோ போய்விடும். அழகான ஏற்பாடு. பழைய மொய்க் கணக்கு மாதிரி: இன்று நம் வீட்டில் பந்தி, நாளை உங்கள் வீட்டில்.

மொய் எழுத வசதி இல்லாதவர் என்ன செய்வார்? இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இது. வெளிநாட்டுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை தர முடிகிற வீடு, பாஸ்போர்ட் இருக்கிற குடும்பம், ஆங்கிலம் பேசுகிற பள்ளி என்று வடிகட்டினால் மிச்சமாவது ஒரு மெல்லிய மேல்தட்டு. எந்த ஊரிலிருந்து வந்தாலும் அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பாதிக்குப் பாதி ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்: அதே ஷூ, அதே சினிமா, அதே வீடியோ கேம். மெக்சிகோ டாக்டர் மகனும் மும்பை டாக்டர் மகளும் நண்பர்களாவது நல்லதுதான். அந்த மும்பைப் பெண்ணுக்கு, தன் வீட்டில் வேலை செய்பவரின் மகள் என்ன படிக்கிறாள் என்று தெரியாமல் போனால்?

இந்த விஷயத்தில் நம்மூர் என்எஸ்எஸ் முகாமைக் குறைத்து எடைபோட முடியாது. ஏழு நாள், ஒரு கிராமம், பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை, பகலில் குளம் வெட்டு. 1969இல் தொடங்கியதிலிருந்து வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் போய்வந்திருக்கிறார்கள். சம்பளமில்லாமல் இளையோரைத் திரட்டியதில் எஸ்.என். சுப்பாராவைத் தாண்டி யாரைச் சொல்வது? பெங்களூருவில் பிறந்த இந்தக் காந்தியவாதி, அரை டிரவுசரும் கதர்ச் சட்டையுமாக, நாடு முழுக்கத் தேசிய ஒருமைப்பாட்டு முகாம்களை நடத்தினார். சம்பல் கொள்ளையர்கள் 1972இல் ஆயுதத்தைக் கீழே வைத்த ஜௌரா ஆசிரமம் அவருடையது. 2021இல் தன் 92ஆம் வயதில் இறந்தார். ஒரு தமிழ்ப் பையனும் ஒரு நாகா பையனும் ஒன்றாக மண் சுமக்க விமான டிக்கெட் தேவைப்படவில்லை.

சர்வதேச முகாம்களை மூட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வோர் அணியிலும் நான்கில் ஒரு இடமாவது கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்று வைத்துவிட்டு, அந்தச் செலவை மற்ற மூன்று குடும்பங்களும் கிளப்பும் பகிர்ந்துகொள்ளலாம். சிக்கலான காரியம் ஒன்றும் இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கம்.

நல்ல மனசு மட்டும் போதுமா?

போதாது. அமெரிக்க ஆண் சாரணர் இயக்கம் 2020 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. காரணம், பல பத்தாண்டுகளாக நடந்த பாலியல் துன்புறுத்தல் பற்றிய வழக்குகள். 82,000க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வந்தார்கள். 246 கோடி டாலர் அளவுக்கு இழப்பீட்டு நிதி ஒதுக்க வேண்டிவந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ‘சம்பளமே வாங்காம வேலை பார்க்கிறார், அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா?’ என்ற மரியாதைதான் அவர்களுக்குக் கேடயமாக இருந்தது.

அதனால், பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இருக்கின்றன. வரும் பெரியவர்களின் பின்னணியைப் போலீஸ் சரிபார்ப்பு உட்பட யார் சோதித்தார்கள்? ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் என்ற விதி உண்டா? தங்கப்போகும் வீட்டை யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா? ஏதாவது தப்பாக நடந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும், அந்த நபர் முகாம் நடத்துபவருக்கு நெருங்கியவரா? இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் அமைப்பாக இருந்தால், வெளிநாட்டு முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிள்ளையை அனுப்பாமல் இருப்பதே மேல்.

இன்னொரு ஆபத்து, முகாமை வேறு யாரோ தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமன்கும் கடலோரத்தில் உலகச் சாரணர் ஜம்போரி நடந்தது. சுமார் 43,000 பேர் வந்திருந்தார்கள். கடலைத் தூர்த்து உருவாக்கிய வெட்டவெளி, மரம் கிடையாது, கொளுத்தும் வெயில். கழிவறை, தண்ணீர், மருத்துவம் எல்லாவற்றிலும் புகார். அந்த வட்டாரத்தை வளர்க்க ஒரு பெரிய சர்வதேச விழா தேவை என்ற கணக்கில் உள்ளூர் நிர்வாகம் பிடித்த இடம் அது. சுமார் 4,500 பேர் கொண்ட பிரிட்டன் அணி பாதியில் வெளியேறி சியோல் ஹோட்டல்களுக்குப் போனது. அமெரிக்க அணியும் கிளம்பியது. கடைசியில் சூறாவளி வருகிறது என்று எல்லாரையும் காலி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே வேலை செய்ய வந்திருந்த பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் கையிலிருந்து கட்டணம் கட்டி வந்தவர்கள். காசும் கொடுத்து, வெயிலிலும் நின்று, திட்டும் வாங்கினார்கள்.

வாடிக்கையாளர் மனசு

சண்டையையும் சூறாவளியையும்விட மெதுவாக இந்த முகாம்களை அரிப்பது இன்னொன்று. கட்டணம் கட்டிய பெற்றோர் வாடிக்கையாளராக மாறுவது. ‘ஃபீஸ் கட்டியாச்சு, ஏன் தினமும் போட்டோ அனுப்பலை?’, ‘என் பையன் ஏன் டாய்லெட் கழுவணும்?’, ‘சர்டிஃபிகேட்ல லீடர்ஷிப்னு போட்டுத் தருவீங்களா? காலேஜ் அட்மிஷனுக்கு வேணும்.’ இந்தக் கேள்விகள் வருகிற பக்கம், தாலாட்டுப் பாட லீவு போட்டுவந்த ஆசிரியையோ வங்கி ஊழியரோ அடுத்த வருடம் வரமாட்டார். அவருக்குப் பதிலாக ஒரு ஈவென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி வரும். கம்பெனி நன்றாகத்தான் நடத்தும். போட்டோவும் தினமும் வரும்.

ஆள் பற்றாக்குறை இப்போதே இருக்கிறது. முகாமில் வளர்ந்த பிள்ளை 16 வயதில் ஜூனியர் கவுன்சலராக, 21இல் அணித் தலைவராகத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. அந்த 21, 25 வயதுக்காரர்தான் இன்று வேலை நிரந்தரமில்லாமல், டார்கெட் துரத்த ஓடிக்கொண்டிருக்கிறார். நான்கு வாரம் சேர்ந்தாற்போல் லீவு எந்த ஐடி கம்பெனி தரும்? கல்லூரி மாணவர் என்றால் வருகைப்பதிவு குறையும், செமஸ்டர் இடிக்கும். ரத்த தானத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ‘ஓடி’ போடும் கல்லூரிகளால் இதற்கும் போட முடியும், கேட்பவர் இல்லை. நான்கு பிள்ளைகள் தயாராக இருந்து, பணமும் கட்டி, விசாவும் வந்த பிறகுகூட, கூடப்போக ஒரு தலைவர் கிடைக்காவிட்டால் அந்த அணி கிளம்ப முடியாது. தலைவர் இல்லாமல் அணி கிடையாது என்பது விதி.